சீசனுக்கென்றே அச்சடித்த பெட்டியா, சாதாரணப் பெட்டிக்கு ஸ்லீவா?

இரண்டையும் ஒவ்வொரு சீசன் செய்து பார்த்தாகிவிட்டது. முதல் முறை, எங்கள் சோப்புப் பரிசுத் தொகுப்புக்காக, விழாக்காலப் படம் ஆறு பக்கமும் அச்சான பெட்டி. அடுத்த முறை, வருடம் முழுக்கப் பயன்படுத்தும் பழுப்பு கிராஃப்ட் பெட்டிதான். அதன் நடுவில் மட்டும் ஒரு வண்ண அட்டைப் பட்டை. அச்சகத்தில் இதை ஸ்லீவ் என்பார்கள். என் ஓட்டு ஸ்லீவுக்கு. அதை மறைத்துக்கொண்டு நடுநிலை பேசப் போவதில்லை.

அழகுக்கு என்றால் முழு அச்சுப் பெட்டிதான், இதில் வாதமே கிடையாது. மூடியைத் திறந்ததும் உள்பக்கம் ஒரு வாழ்த்து தெரிகிற சந்தோஷத்தை ஸ்லீவ் தராது. அனுப்பும் செலவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. பிளாஸ்டிக் லேமினேஷன் போட்டால் இரண்டையுமே மறுசுழற்சி செய்வது சிரமம், வார்னிஷ் போதும் என்று சொல்லிவிடுங்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

விஷயம் மிச்சம். சீசன் முடிந்த மறுநாள் அலமாரியில் என்ன கிடக்கிறது என்பதுதான்.

ஆஃப்செட்டில், அதாவது பிளேட் என்னும் தகட்டில் படத்தை ஏற்றி அடிக்கும் அச்சுமுறையில், கணிசமான செலவு மெஷின் ஓடத் தொடங்கும் முன்பே ஆகிவிடுகிறது. நான்கு வண்ணத்துக்கு நான்கு பிளேட், பெட்டியின் வடிவத்துக்கு வெட்டும் மடிப்புமாக ஒரு டை (அட்டையை வெட்டி மடிப்புக்கோடு போடும் அச்சு), நிறம் சரிவரும்வரை வீணாகும் தாள். 100 பெட்டி அடித்தாலும் 1,000 பெட்டி அடித்தாலும் இது மாறாது. அதனால் எண்ணிக்கை ஏற ஏற ஒரு பெட்டியின் விலை இறங்கும். கொட்டேஷனைப் பார்க்கும்போது கை தானாகப் பெரிய எண்ணின் பக்கம் போகும். நாங்களும் 1,000 என்றோம். 700 போனது.

மீந்த 300-இன் செலவை யார் தருவது? விற்ற 700 பெட்டிதான் சுமந்தாக வேண்டும். 1,000-ஐ 700-ஆல் வகுத்தால் 1.43. அதாவது கொட்டேஷனில் மலிவாகத் தெரிந்த பெட்டி, உண்மையில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலைக்கு வந்திருக்கிறது. அதே பெட்டியை வேறு மாதத்தில் அனுப்பினால் பழைய சரக்கைத் தள்ளிவிடுவதுபோல் இருக்கும். அடுத்த வருடத்துக்கு ஆகுமே என்று தட்டையாக அடுக்கிக் கட்டி வைத்தோம். ஈரம் குடித்து அட்டை வளைந்தது. ஒட்டிய பெட்டி நாள்கணக்கில் மடிந்தே கிடந்ததில் மடிப்பு அப்படியே படிந்துபோய், விரித்தால் சதுரமாக நிற்க மறுத்தது. இன்னொன்று: கேட்ட எண்ணிக்கைக்குச் சில சதவீதம் கூடவோ குறையவோ தருவது அச்சுத் தொழிலில் வழக்கம், கூடினால் அதற்கும் பில் வரும். மிச்சத்துக்கு மேல் மிச்சம்.

ஸ்லீவில் 300 மீந்தால் மிஞ்சுவது 300 அட்டைப் பட்டை, அவ்வளவுதான். பெட்டிகள் மறுநாளே வழக்கமான ஆர்டருக்குப் போய்விடும். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, முடிவைத் தள்ளிப்போட முடிந்ததுதான். டிஜிட்டல் அச்சில் பிளேட் கிடையாது என்பதால் 400 அடித்துவிட்டு, விற்பனை எப்படிப் போகிறது என்று பார்த்து அடுத்த 300-க்குச் சொன்னோம். முழு அச்சுப் பெட்டியில் படம், எண்ணிக்கை இரண்டையும் சீசனுக்கு வெகு முன்பே ஒரே மூச்சில் முடிவு செய்தாக வேண்டும். பழுப்பு அட்டையில் நேரடியாக அடித்தால் நிறம் மங்கும், அடியில் வெள்ளை இல்லை அல்லவா. ஸ்லீவ் வெள்ளை அட்டை என்பதால் அந்தத் தொல்லையும் இல்லை.

வேலை எளிது என்று மட்டும் நினைக்க வேண்டாம். முதல் தொகுதியை நானே சொதப்பினேன். காலிப் பெட்டியை அளந்து, அதே அளவுக்கு ஸ்லீவ் அடித்தாயிற்று. பொருளை உள்ளே வைத்ததும் பெட்டி லேசாக உப்பியது, ஸ்லீவ் பாதி வழியில் மாட்டிக்கொண்டு ஒட்டிய இடத்தில் பிய்ந்தது. நிரப்பிய பெட்டியை அளந்து, ஒன்றரை மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்த பிறகே வழுக்கிக்கொண்டு போனது. அதிகம் விட்டாலும் ஆபத்து, தூக்கும்போதே கழன்று விழும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டை, நான்கு மடிப்பு, ஒட்ட ஓர் இதழ். மடிப்புக்கோடும் அட்டையின் நார் ஓடும் திசையும் இணையாக இருக்க வேண்டும். குறுக்கே மடித்தால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக்கோடு தெரியும். அப்புறம், விழாக்கால ஆசையில் பார்கோடைச் சிவப்பில் போட்டுவிடாதீர்கள். பல ஸ்கேனர்களின் ஒளியே சிவப்பு, அதற்குச் சிவப்புக் கோடு கண்ணில் படாது.

மாட்டும் நேரமும் கணக்கில் வரும். ஒன்றுக்கு 12 விநாடி என்றால் 700-க்கு 2 மணி 20 நிமிடம். எங்களுக்கு அது ஒரு மதியம். பல்லாயிரம் பெட்டி அடைப்பவருக்கு அது கூலி.

அதனால் எண்ணிக்கை முன்பதிவிலேயே உறுதியாகிவிட்டவர்கள் முழு அச்சுப் பெட்டிக்கே போகலாம், என் மிச்சக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. கடை அலமாரியில் நிற்கும் பொருளுக்கும் அதுவே மேல் என்று தோன்றுகிறது, பலர் கை பட்டால் ஸ்லீவ் நகரும், ஓரம் நசுங்கும். நான் நேராக வீட்டுக்கு அனுப்பி விற்பவன், ஆகவே இதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் ஸ்டிக்கர் ஒட்டுவது என்று மூன்றாவது வழியும் உண்டு. மலிவு, பார்த்தாலும் மலிவாகத்தான் இருக்கும்.

ஸ்லீவுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஏற்பாடு முழுக்கப் பெட்டியின் அளவு மாறாமல் இருப்பதை நம்பியது. அடுத்த லாட்டில் பெட்டிக்காரர் ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள ஈ ஃப்ளூட்டுக்கு (ஃப்ளூட் என்பது பெட்டி அட்டையின் நடுவே இருக்கும் நெளிவு) பதில், அதைப்போல் இரு மடங்கு கனமுள்ள பி ஃப்ளூட்டைப் போட்டு, உள்ளளவு அதேதான் என்பார். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் வெளியளவு கூடியிருக்கும், ஸ்லீவ் ஏறாது. புது லாட்டிலிருந்து ஒரு பெட்டி கைக்கு வந்து, அதை நிரப்பி அளந்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.