சண்டையை விட சண்டை பாத்தவங்க சுவாரஸ்யம்

போன சனிக்கிழமை மயிலாப்பூர்ல ஒரு மாடி ஹால்ல ரெண்டே பேர் நடிக்கற நாடகம் ஒண்ணு பாத்தோம். டிக்கெட் 300 ரூபா, மொத்தமே ஒரு 60 பிளாஸ்டிக் சேர், உயரமா மேடைனு எதுவும் கிடையாது, முன்வரிசைல காலை நீட்டினா நடிக்கறவங்க தடுக்கி விழுந்துடுவாங்க. 70 நிமிஷம், இடைவேளை இல்ல.

கதைனு பெருசா இல்ல. காலைல டிகாஷன் தீந்துபோச்சுனு ஆரம்பிக்கற சண்டை, எங்கெங்கயோ சுத்தி புருஷன் அவன் தம்பிக்கு சொல்லாம கொள்ளாம ரெண்டு லட்சம் குடுத்ததுல வந்து நிக்குது. அவ்ளோதான்.

நான் சபா நாடகம் பாத்து வளந்த ஆளு. கிரேஸி மோகன் நாடகத்துல ஹீரோ மாது, ஹீரோயின் ஜானகிகிட்ட மாட்டிட்டு முழிக்கும்போது ஹாலே அதிரும் (ஜானகிங்கறது மோகனோட ஸ்கூல் டீச்சர் பேரு, அந்த மரியாதைக்குத்தான் ஹீரோயினுக்குப் பெரும்பாலும் அதே பேரு). புருஷன் பொண்டாட்டி சண்டைனா சிரிக்கணும்னு நமக்கு அங்கயே பழகிப்போச்சு. இங்க வந்தவங்களும் அந்த மூட்லதான் வந்திருந்தாங்க போல, முதல் பத்து நிமிஷம் அவன் "உங்கம்மா"னு வாயெடுத்தா சிரிப்பு, அவ டம்ளரை நங்குனு வெச்சா சிரிப்பு, ஒண்ணுமே பண்ணாம நின்னாலும் சிரிப்பு.

ஆனா சேரை எதிரும் புதிருமா ரெண்டு பக்கமும் போட்டிருந்தாங்க, நடுவுல நாடகம். அதனால எதிர்ல உக்காந்திருக்கறவங்க மூஞ்சி நல்லாவே தெரியும். எனக்கு நேரா ஒரு ஜோடி, அந்தப் பொண்ணு துப்பட்டால வாயைப் பொத்திட்டு சிரிச்சுட்டே இருந்துச்சு, அவர் போனை நோண்டிட்டு இருந்தார். ரெண்டு லட்சம் மேட்டர் வெளிய வந்ததும் போன் பாக்கெட்டுக்குள்ள போயிடுச்சு, பொண்ணு சிரிப்பும் நின்னுடுச்சு. அப்பறம் ஒரு பெரியவர் சத்தமாவே "அந்தப் பொண்ணு கேக்கறது நியாயம்தானே"னுட்டார். பக்கத்துல இருந்த மாமி, "இதை நம்மாத்துல ஒரு தடவை சொல்லியிருக்கலாம்"னாங்க பாருங்க, அன்னிக்கு அதை விட பெரிய கைத்தட்டல் எதுக்கும் இல்ல. புருஷனா நடிச்சவர் சிரிச்சுட்டார். பொண்டாட்டியா நடிச்சவங்க அசையவே இல்ல, சிரிப்பு அடங்கற வரைக்கும் அவரையே முறைச்சுட்டு நின்னு, விட்ட எடத்துலேந்து புடிச்சாங்க.

அவங்களுக்காகவே போகலாம். குரலை ஒசத்தவே இல்ல. ரெண்டு பேரும் பெட்ஷீட்டோட முனையை ஆளுக்கு ரெண்டா புடிச்சு மடிக்கற சீன் ஒண்ணு இருக்கு, வாய் சண்டை போட்டுட்டே இருக்கு, கை பாட்டுக்கு மடிக்குது, ஒவ்வொரு மடிப்புக்கும் கிட்ட வந்துதான் ஆகணும். அப்ப ஹால்ல ஃபேன் சத்தம் மட்டும்தான். அவர் சுமார், கடைசி ரோவுக்குக் கேக்கணும்னு சபால கத்தற மாதிரியே இங்கயும் கத்தறார், கடைசி ரோவே பத்தடி தூரத்துலதான் சார் இருக்கு. கடைசி பத்து நிமிஷம் வயலின் பேக்ரவுண்ட்ல ஓட விட்டு, நமக்கு ஏற்கனவே புரிஞ்சதையெல்லாம் அவரை விட்டு விளக்க வெச்சுட்டாங்க, அதைத் தூக்கிடலாம்.

முடிஞ்சதும் டைரக்டர் வந்து யாராவது பேசுங்கனார். ஒரு பையன் எந்திரிச்சு "தம்பிக்குத்தானே குடுத்தார், வெளியாளுக்கா குடுத்தார்"னு கேட்டதுதான் தாமதம், மூணு வரிசைலேந்து மூணு பொம்பளைங்க ஒரே நேரத்துல திரும்பினாங்க. அது ஒரு அரை மணி நேரம் ஓடுச்சு, டைரக்டருக்கு மைக்கே திரும்பக் கிடைக்கல. நானும் வீட்டம்மாவும் வண்டி எடுக்கற வரைக்கும் ஒண்ணும் பேசிக்கல.

அடுத்த வாரமும் ரெண்டு ஷோ இருக்காம். பார்க்கிங் சுத்தமா கிடையாது, கச்சேரி ரோடு பக்கம் எங்கயாவது விட்டுட்டு நடந்து வாங்க. ஃபேனுக்குக் கீழ எடம் புடிங்க, சுவரோரம் உக்காந்தா வெந்துடுவீங்க.