பிச்சாவரம் படகுச் சவாரி: பார்த்த காடும் பார்க்காத வாய்க்கால்களும்

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாக ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பிச்சாவரம் படகுத்துறைக்கு வருபவர்கள், சுரபுன்னை மரங்கள் இருபுறமும் கவிந்த கால்வாய்களில் சிறிது நேரம் நிழலாகப் போய்வருவதையே எதிர்பார்த்து வருகிறார்கள். அந்த எதிர்பார்ப்பில் இந்தச் சவாரி எவரையும் ஏமாற்றுவதில்லை. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் இடையே, 51 சிறு திட்டுகளாகப் பிரிந்து கிடக்கும் இந்த அலையாத்திக் காட்டின் அழகைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாகிவிட்டது. ஆனால் பிச்சாவரத்தில் பார்க்க வேண்டியவற்றில் பாதி, சவாரிப் படகு போகாத இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. வெட்டி அழிக்கப்பட்டு, உப்பேறி, மரம் முளைக்க வழியில்லாமல் கிடந்த சேற்றுநிலத்தை ஆய்வாளர்களும் வனத்துறையும் சுற்றியுள்ள ஊர்மக்களும் சேர்ந்து மீண்டும் காடாக்கிய இடம் அது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான், வாங்கிய சீட்டுக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைப்பதில்லை என்று வாசகருக்குச் சரியாகத் தெரியும்.

முதலில் சவாரி. துடுப்புப் படகு, மோட்டார் படகு என இரண்டு வகை உண்டு; தயங்காமல் துடுப்புப் படகையே தேர்ந்தெடுங்கள். மோட்டார் படகு அகன்ற நீர்ப்பரப்பில் விரைவாகப் போய்வர உதவும் என்றாலும், குறுகிய கிளைக் கால்வாய்களுக்குள் அதனால் நுழைய முடியாது. அதன் ஓசைக்குக் கொக்கும் நாரையும் நாம் நெருங்குவதற்கு முன்பே எழுந்து பறந்துவிடுகின்றன. துடுப்புப் படகில் போகும்போது ஊன்று வேர்கள் கைக்கெட்டும் தூரத்தில் வருகின்றன, அவற்றின்மேல் ஏறி இறங்கும் சிறு நண்டுகளும், சேற்றில் துள்ளும் சேற்றுத்தாவி மீன்களும் தெளிவாகத் தெரிகின்றன. இந்தக் கரையில் ஓதத்தால் கடல்நீர் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்கு உட்பட்டதே ஆனாலும், அந்தச் சிறிய வேறுபாடே சவாரியை மாற்றிவிடுகிறது: நீர் ஏறியிருந்தால் படகு இன்னும் உள்ளே போகும், வற்றியிருந்தால் வேர்களும் சேறும் அவற்றில் வாழும் உயிர்களும் வெளியே தெரியும். எனக்கு இரண்டாவதே பிடித்திருந்தது. கட்டணமும் நேர அளவும் அவ்வப்போது மாறுவதால் சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. காலையில் போவதும், தொப்பியும் குடிநீரும் எடுத்துப்போவதும், கொடுக்கப்படும் உயிர்காப்பு அங்கியைக் கடைசிவரை கழற்றாமல் இருப்பதும் அதைவிட முக்கியம்.

படகோட்டிகளே இந்தச் சேவையின் உண்மையான பலம். சுற்றுவட்டாரத்து மீனவ ஊர்களில் பிறந்து வளர்ந்த ஒருவர் துடுப்புப் போடும்போது, எந்தக் கிளையில் நீரோட்டம் எப்படித் திரும்பும், எந்த மரம் எந்த மண்ணில் நிற்கும் என்பதெல்லாம் கேட்டால் கிடைக்கும் செய்திகளாக இருக்கின்றன. கால்வாய் ஓரத்தில் ஊன்று வேர்களோடு நிற்பது சுரபுன்னை. அதற்குப் பின்னால் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மூச்சு வேர்களை மேலே நீட்டியிருப்பது வெண்கண்டல். சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு வளர்ந்து, அதன் பிறகே கீழே விழுகிறது. சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லையும் இந்தக் காட்டு மரம்தான். எங்கள் படகோட்டி அதைக் காட்டிவிட்டு, "இதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து சார், கிளையை மட்டும் ஒடிச்சிராதீங்க" என்று குழந்தைகளைப் பார்த்து எச்சரித்தார். இந்த அளவு அறிவு உள்ளவரை, படம் எடுக்க ஏற்ற இடத்தில் படகை நிறுத்தும் வேலைக்கு மட்டும் பயன்படுத்திவிட்டுத் திரும்புவது நமக்கே இழப்பு.

அழிந்த காட்டை மீட்க வெட்டிய வாய்க்கால்களைப் பற்றிக் கேட்டபோது அவர் துடுப்பைச் சற்று நிறுத்திக்கொண்டார். "எங்க அம்மா அங்க மண்ணு சுமந்திருக்காங்க சார். அந்தப் பக்கம் சவாரி போறதில்ல" என்றார். அந்தப் பக்கத்துக் கதை இதுதான்.

ஆங்கிலேயர் காலத்திலிருந்து எழுபதுகள் வரை, இந்தக் காடு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, சுழற்சி முறையில் ஒவ்வொரு பகுதியும் அடியோடு வெட்டப்பட்டது. வெட்டிய இடத்தில் காடு தானாகவே மீண்டும் வளர்ந்துவிடும் என்பது அன்றைய கணக்கு. ஆனால் நிழல் இழந்த சதுப்பு நிலம் வெயிலில் காய்ந்தது. ஈரம் வெளியேறியதும் மண் அமிழ்ந்து, நடுவில் பள்ளமான தட்டையான தாழ்நிலமாக மாறியது. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த கடல்நீர், இறங்கும்போது வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. ஆண்டுக்காண்டு உப்பு கூடிய அந்த மண்ணில் உமிரி போன்ற உவர்ப்புச் செடிகளைத் தவிர வேறு எதுவும் பிழைக்கவில்லை. இதில் எனக்கு மிகவும் உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. காடு அழிந்ததற்கு, விறகு பொறுக்கியவர்களும் மாடு மேய்த்தவர்களுமான ஊர்மக்களே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. தொண்ணூறுகளில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மண்ணையும் நீரோட்டத்தையும் வரலாற்றையும் சேர்த்து ஆராய்ந்தபோதுதான், முதன்மைக் காரணம் அந்தத் திட்டமிட்ட வெட்டு என்பது துலங்கியது. மேய்ச்சலும் விறகும் சேதத்தைக் கூட்டியிருக்கலாம். தொடங்கிவைத்தவை அவை அல்ல. பழியைச் சுமந்தவர்களையே காவலர்களாக ஏற்றுக்கொள்ள இந்தத் தெளிவு தேவைப்பட்டது.

நோய் நீரோட்டத்தில் என்று தெரிந்ததும் மருந்தும் அங்கேயே கிடைத்தது. இயற்கைக் கால்வாயிலிருந்து தாழ்நிலத்துக்குள் ஒரு முதன்மை வாய்க்காலும், அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்களும் வெட்டப்பட்டன. மேலிருந்து பார்த்தால் மீன்முள் வடிவம். ஓதநீர் நாள்தோறும் ஏறி இறங்கத் தொடங்கியதும் தேங்கிய உப்பு மெல்லக் கழுவப்பட்டது. அதன் பிறகே வாய்க்கால் கரைகளில், உவர்ப்பை நன்கு தாங்கக்கூடிய வெண்கண்டல் நாற்றுகளும், நீர் நன்கு ஓடும் ஓரங்களில் சுரபுன்னையும் நடப்பட்டன. நடுவதற்கு முன்னால் நீரைச் சீராக்கு என்ற இந்த வரிசைமுறையே பிச்சாவரத்தின் பெரிய கொடை என்று நினைக்கிறேன். நட்ட நாற்றுகளின் எண்ணிக்கையை மட்டும் அறிவித்துவிட்டு அடுத்த ஆண்டு அதே இடத்தில் மீண்டும் நடும் திட்டங்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். வாய்க்கால் வெட்டுவது, நாற்று நடுவது, மாடு நுழையாமல் காப்பது, வண்டல் படிந்தால் தூர்வாருவது ஆகிய அனைத்தையும் ஊர் அளவிலான குழுக்களே, ஆண்களும் பெண்களும் உறுப்பினர்களாக, வனத்துறையோடு கூட்டாகத் திட்டமிட்டுச் செய்தன. கூட்டு அலையாத்தி மேலாண்மை என்ற பெயரில் இங்கே உருவான இந்த முறை, பின்னர் முத்துப்பேட்டைக்கும் ஆந்திரத்தின் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களுக்கும் போனது.

ஊர்மக்கள் இதற்குக் கைகொடுத்ததற்குக் காரணம் மரத்தின்மீது கொண்ட அன்பு மட்டுமல்ல. வெள்ளை இறாலும் சேற்று நண்டும் மடவையும் கொடுவாவும் தம் இளம்பருவத்தைக் கழிப்பது இந்த வேர்களுக்கிடையேதான். காடு குறைந்தால் வலையும் கூடையும் காலியாகும். இங்குள்ள இருளர் குடும்பங்களை இது மற்ற எவரையும்விட நேரடியாகத் தொடுகிறது. படகும் வலையும் வாங்க வசதியில்லாத அவர்கள், இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கைகளால் தடவி இறாலையும் நண்டையும் பிடித்து, ஓலையால் முடைந்த பறியில் போட்டுக்கொள்கிறார்கள். பெண்களும் அதே சேற்றில் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். பழங்குடிச் சான்றிதழுக்காகவே நெடுங்காலம் அலைய வேண்டியிருந்த மக்கள் இவர்கள். சவாரியின்போது தொலைவில் நீருக்குள் தலை மட்டும் தெரியும்படி யாரேனும் நகர்வதைக் கண்டால், அது அவர்களது அன்றாட உழைப்பு என்பதை நினைவில் கொண்டு, கைப்பேசியை நீட்டாமல் இருப்பதே மரியாதை.

ஆழிப்பேரலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் படகில் அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி அது. 2004 டிசம்பர் 26 அன்று காட்டின் மறைவில் இருந்த ஊர்கள் பெருமளவு தப்பின, கடலோரத் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற குடியிருப்புகள் பேரழிவைச் சந்தித்தன. 2005இல் வெளியான ஆய்வுகள், மரங்கள் இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று இந்தக் கரையை வைத்தே காட்டின. அவற்றில் ஒன்றின் தரவுகளை மறுபடி ஆராய்ந்த வேறு அறிஞர்கள், ஊர் கடலிலிருந்து எவ்வளவு தொலைவில், எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதே வேறுபாட்டைப் பெரும்பாலும் விளக்கிவிடுகிறது என்று 2006இல் எழுதினார்கள். என் பார்வையில், காடு அலையின் வேகத்தைத் தணிக்கிறது என்று சொல்வது சரி. காடு இருந்தால் எந்த அலை வந்தாலும் கவலை இல்லை என்று சுற்றுலாப் பயணிகளிடம் சொல்வது சரியல்ல. இந்தக் காட்டைக் காக்க அப்படி மிகைப்படுத்த வேண்டிய தேவையும் இல்லை. அன்றாடம் கிடைக்கும் இறாலும் நண்டுமே போதுமான காரணம்.

2022இல் பிச்சாவரம் ராம்சார் நிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 1,479 ஹெக்டேர் பரப்பு அந்தத் தகுதிக்குள் வருகிறது. அதன் பிறகு வருபவர்களின் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் வெட்டிய வாய்க்கால்களில் வண்டல் படிவதும் நிற்கவில்லை. தூர்வாரும் வேலை ஒருமுறை செய்து முடிப்பதல்ல, தொடர்ந்து கூலி கொடுத்துச் செய்ய வேண்டியது. ஆகவே சவாரிகளை நடத்துவோருக்கு என் வேண்டுகோள் இரண்டு. மீட்கப்பட்ட பகுதியின் விளிம்புவரை, நீர் ஏறும் வேளையில், ஒரு தனி வழித்தடம் வேண்டும்; அதை விளக்கிச் சொல்பவர்கள், அங்கே வேலை செய்த ஊர்களிலிருந்து, குறிப்பாக இருளர் குடியிருப்பிலிருந்து, ஊதியம் பெற்று வருபவர்களாக இருக்க வேண்டும். கட்டணத்தில் ஒரு பங்கு தூர்வாரும் செலவுக்கென ஊர்க் குழுக்களிடம் போக வேண்டும், அந்தத் தொகை எவ்வளவு என்பது சீட்டிலேயே அச்சிடப்பட வேண்டும். சவாரிக்கு வருபவர்களில் பலர் இதற்காகச் சற்றுக் கூடுதலாகவே கொடுப்பார்கள் என்று நம்புகிறேன்.

இப்போதைய நிலையில் இந்தச் சவாரி போய்வரத் தகுந்ததா என்றால், நிச்சயமாகத் தகுந்தது. காட்சிக்கு முழு மதிப்பெண் தருவேன். விளக்கத்துக்கு, படகோட்டியிடம் நீங்கள் எவ்வளவு கேட்கிறீர்களோ அவ்வளவுதான். ஏறியதும் மீட்ட காடு எந்தத் திசையில் இருக்கிறது, அவர் வீட்டில் யாரேனும் அந்த வேலைக்குப் போனார்களா என்று கேட்டுத் தொடங்குங்கள். வலசைப் பறவைகளைப் பார்க்க விரும்புவோர்க்கு மார்கழியும் தையும் ஏற்ற மாதங்கள்; ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை இருந்தால் படகுகள் ஓடாது என்பதால், சிதம்பரத்திலிருந்து கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.