கருகல் வாடைக்கு கிளட்சை மாற்றச் சொன்னார்கள், ஒன்றரை மாதச் சம்பளம் போச்சு

நேற்று மாலைதான் உண்மை தெரிந்தது. இரவு முழுக்கத் தூக்கமில்லை. இன்னொருவர் இப்படி ஏமாறக் கூடாது என்றுதான் ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

என் காரில் 15 நாளாகக் கருகல் வாடை. ஓடும்போது ஒன்றும் தெரியாது. சிக்னலில் நின்றால் ஏசி வழியாக உள்ளே ஏறும், எண்ணெய் தீய்ந்தது போல ஒரு கனத்த வாடை. பின் சீட்டில் இருந்த அம்மாதான் முதலில் சொன்னார். பயந்துபோய், எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். பெயரை எழுதவில்லை.

மேலே எழுதியதை அப்படியே அங்கிருந்தவரிடம் சொன்னேன். நின்றால்தான் வருகிறது, ஓடும்போது இல்லை என்று இரண்டு முறை சொன்னேன். அவர் போனட்டைத் திறக்கவே இல்லை. "உட்காருங்க சார், காட்டுறேன்" என்று என்னைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டார். கியரைப் போட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே கிளட்சைப் பாதி விட்டார். இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் குப்பென்று ஒரு நெடி.

"வருதா சார்?"

"வருது."

"இதுதானே?"

அந்த இடத்தில்தான் விழுந்தேன். அது வேறு வாடை. காகிதம் கருகியது போல மூக்கில் சுருக்கென்று ஏறுகிற நெடி. மூக்குக்குத் தெரிந்தது, ஆனால் அவர் பேசிய நிதானத்தைப் பார்த்து "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். "பெரியவங்களை வச்சு ஓட்டுறீங்க, ரிஸ்க் வேணாம் சார்" என்று கிளட்சை மாற்றச் சொன்னார். அம்மாவைப் பற்றி அவரிடம் சொன்னதே நான்தான். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி, எல்லாம் சேர்த்து என் ஒன்றரை மாதச் சம்பளம். முழுவதையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள்.

வண்டி கைக்கு வந்த மூன்றாம் நாளே சிக்னலில் அதே எண்ணெய் வாடை.

போன் போட்டேன். "புது பிளேட் சார், செட்டாகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்." புது கிளட்சில் ஆரம்பத்தில் கொஞ்சம் வாடை வரும் என்பது உண்மைதான், அதனால் இதையும் நம்பி ஒரு வாரம் ஓட்டினேன். மறுபடி கூப்பிட்டால் "அண்ணன் வெளியே போயிருக்கார்." நேரில் போனேன். ஒரு மணி நேரம் நிற்கவைத்துவிட்டு, "கிளட்ச்ல குறை இருந்தா சொல்லுங்க, வாடைக்கெல்லாம் நாங்க பொறுப்பில்ல" என்றார். கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டேன். "அது அன்னைக்கே ஸ்கிராப்ல போயாச்சு." அதற்குப் பிறகு என் போனை எடுப்பதே இல்லை.

நேற்று இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன், வயதானவர். நான் சொல்லி முடிப்பதற்குள் போனட்டைத் திறந்து டார்ச் அடித்தார். இன்ஜினின் மேல் மூடியான வால்வு கவருக்கு அடியில் ஒரு ஈரக் கோடு. தூசி ஒட்டிக் கறுத்து, நேராகக் கீழே இறங்கி, இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் என்ற குழாயில் போய் முடிந்தது. அந்த இரும்பின் மேல் ஆயில் சொட்டிச் சொட்டிப் பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. கவரைக் கழற்றி, ஆயில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் ரப்பரை எடுத்து வளைத்தார். வளையவில்லை, டக்கென்று உடைந்தது. ஓடும்போது ஆயில் தீய்ந்து வரும் புகையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடுமாம். நின்றால், முன் கண்ணாடிக்கு அடியில் காற்று நுழையும் திறப்பு வழியாக உள்ளே வந்துவிடும். நான் முதல் நாளே சொன்னது இதைத்தானே! ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தது. மேனிஃபோல்ட் பல நூறு டிகிரி கொதிக்கிற இடம், ஆயில் அதிகமாக இறங்கினால் தீயே பிடிக்கலாம். இதோடுதான் அம்மாவை வைத்து இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன்.

கேஸ்கெட் மாற்றியதற்கு என் ஒரு நாள் சம்பளம்கூட ஆகவில்லை. ஹேண்ட் பிரேக் சங்கதியைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "அப்படிச் செஞ்சா ஷோரூம்லேர்ந்து நேத்து வந்த வண்டியிலயும் நெடி வரும் தம்பி. நாலாவது கியர்ல போகும்போது நல்லா மிதிச்சுப் பாக்கணும். ஆர்பிஎம், அதாவது இன்ஜின் சுத்துற வேகம், மட்டும் ஏறி வண்டி வேகம் ஏறலைன்னாதான் கிளட்ச் போச்சு." என் வண்டி ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் கேளுங்கள். வாடை எப்போது வருகிறது, நின்றாலா, மேடு ஏறினாலா, பிரேக் போட்டாலா என்று குறித்துக்கொள்ளுங்கள். போனட்டைத் திறக்காமல் பேசுகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். ஒரு சக்கரத்தில் மட்டும் சூடு அதிகமாக அடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம், தொட்டுப் பார்க்காதீர்கள், சுட்டுவிடும். வயர் கருகும் வாடை என்றால் வண்டியை எடுக்கவே வேண்டாம். கழற்றிய பொருள் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் மீதிப் பணம்.

ஒன்றரை மாதச் சம்பளம். இன்று காலையும் இரண்டு முறை போன் அடித்தேன், எடுக்கவில்லை. உடைந்த கேஸ்கெட்டைக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். நாளை அதை எடுத்துக்கொண்டு நேரில் போகிறேன்.