அடோர்வாவா, ரோசுவாவா: யாருக்கு எதில் தொல்லை குறைவு?

கொலஸ்ட்ராலுக்கு மருந்து என்றால் மருந்துச் சீட்டில் பெரும்பாலும் இருப்பது இரண்டில் ஒன்று: அடோர்வாஸ்டாடின், இல்லையென்றால் ரோசுவாஸ்டாடின். இரண்டும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மருந்துகள். எதில் பக்கவிளைவு குறைவு என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. சிறுநீரகம் எப்படி, சர்க்கரை எவ்வளவு, கூடவே என்னென்ன மாத்திரை போகிறது என்று சொன்னால் பதில் வந்துவிடும்.

முதலில் அளவு. ரோசுவா 10 மி.கி. ஏறக்குறைய அடோர்வா 20 மி.கி.க்குச் சமம். "ரோசுவா 20 போட்டேன், கால் வலித்தது, அடோர்வா 10க்கு மாறினேன், சரியாகிவிட்டது" என்று ஒருவர் சொன்னால் அவர் மருந்தை ஒப்பிடவே இல்லை, டோஸைத்தான் குறைத்திருக்கிறார்.

எல்லாரும் பயப்படுவது தசை வலிக்கு. இதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பயம்தான் வலியைவிடப் பெரிது. லண்டனில் நடந்த சாம்சன் ஆய்வில், பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினை நிறுத்திய 60 பேரைப் பிடித்து, நாலு மாதத்துக்கு அடோர்வா 20, நாலு மாதத்துக்கு வெறும் மாவு மாத்திரை, நாலு மாதத்துக்கு எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். எதுவும் போடாத மாதங்களில் தொல்லை மதிப்பெண் சராசரியாக 8, மாவு மாத்திரைக்கு 15.4, நிஜ மாத்திரைக்கு 16.3. அதற்காக வலியே பொய் என்று அர்த்தமில்லை, அவர்களுக்கு வலித்தது, வலிக்குப் பெரும்பாலும் மருந்து காரணம் இல்லை, அவ்வளவுதான். நிஜமான ஸ்டாடின் வலி பெரும்பாலும் தொடை, இடுப்பு, கெண்டைக்கால் என்று இரண்டு பக்கமும் சேர்ந்தே வரும், மாத்திரை தொடங்கிய அல்லது டோஸ் கூட்டிய சில வாரங்களில். ஒரு முழங்கால் மட்டும் வலித்தால் மாத்திரையைத் திட்டாதீர்கள். ஆனால் நாற்காலியிலிருந்து எழவே முடியாத பலவீனம், கோலா நிறத்தில் சிறுநீர் என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் அந்த நிலை மிக அபூர்வம்தான், ஆனாலும் செரிவாஸ்டாடின் என்ற இன்னொரு ஸ்டாடின் 2001இல் சந்தையை விட்டே போனது இதனால்தான்.

சர்க்கரை விஷயத்தில்தான் இரண்டும் கொஞ்சம் பிரிகின்றன, ஏனோ இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. தென்கொரியாவில் இதயக் குழாய் அடைப்புள்ள 4,400 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்த லோட்ஸ்டார் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் எல்லாம் இரண்டு அணியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மருந்து தேவைப்படும் அளவுக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வந்தது ரோசுவாவில் 7.2%, அடோர்வாவில் 5.3%. கண்புரை அறுவை சிகிச்சையும் ரோசுவா பக்கம் கொஞ்சம் கூடுதல். கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல்லைக் கூடுதலாக இறக்கியது என்னவோ ரோசுவாதான், ஆனால் மிகச் சிறிய அளவில். சர்க்கரை எல்லையில் நிற்பவருக்கு என் ஓட்டு அடோர்வாவுக்கு.

சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலும் அடோர்வாதான் வசதி, டோஸ் மாற்ற வேண்டியதில்லை. ரோசுவாவை அங்கே 5 மி.கி.யில் தொடங்கி, கடுமையான பாதிப்பில் 10ஐத் தாண்டக் கூடாது. ஆசிய வம்சாவளியினருக்கு ரத்தத்தில் ரோசுவாவின் அளவு கூடுதலாக ஏறுவதால் அவர்களுக்கும் 5இல் தொடங்கச் சொல்கிறார்கள்.

சரி, ரோசுவாவுக்கு எங்கேதான் வெற்றி? மற்ற மருந்துகளோடு அதிகம் சண்டை போடாததில். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, லிட்டர் கணக்கில் கிரேப்ஃப்ரூட் சாறு, இவையெல்லாம் அடோர்வாவைக் கல்லீரல் உடைக்கவிடாமல் ரத்தத்தில் ஏற்றிவிடும், ரோசுவாவை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதற்கும் எதிரி உண்டு: அலுமினியம், மெக்னீசியம் கலந்த அமிலமுறி மருந்தைக் கூடவே குடித்தால் ரோசுவாவில் பாதி உடம்பில் சேராது, இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் ரோசுவா தொடங்கினால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டுமே ஒத்துவரவில்லை என்பவர்கள் நேராக நிறுத்திவிடாமல் தைராய்டையும், தசை சிதைகிறதா என்று காட்டும் சிகே அளவையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், தைராய்டு குறைந்திருந்தாலும் இதே வலி வரும். அப்புறம் இருக்கவே இருக்கிறது ஸ்டாடின் அல்லாத எசெட்டிமைப் மாத்திரை, தொல்லை குறைவு, ஆனால் தனியாகப் போட்டால் எல்டிஎல் ஐந்தில் ஒரு பங்குதான் இறங்கும். ஸ்டாடின் அல்லாத இன்னொரு மாத்திரையான பெம்பிடோயிக் அமிலம் தசைக்குள் செயல்படுவதே இல்லை, கல்லீரலில்தான் விழிக்கும், அதனால் தசை வலிக்காரர்களுக்கு நல்ல மாற்று, யூரிக் அமிலம் ஏறி ஏற்கனவே கவுட் என்ற மூட்டு வீக்கம் வந்தவராக இல்லாத வரை.