மாரி: ஓர் ஒலியை எழுத நான்கு வழிகள்

ஜப்பானில் குழந்தை பிறந்தால், பிறந்த நாளையும் சேர்த்துப் பதினான்கு நாள்களுக்குள் அதைப் பெயருடன் நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். 2020இல் எங்கள் மகள் பிறந்தபோது, பெயரின் ஒலியை முடிவு செய்ய எனக்கும் என் மனைவிக்கும் ஒரு மாலைப்பொழுதே போதுமானதாக இருந்தது. அந்த ஒலியை எந்த எழுத்துகளால் எழுதுவது என்பதற்குத்தான் மீதி நாள்கள் அனைத்தும் செலவாயின. என் தாயாரின் பெயர் மாரியம்மாள். பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இடுவது எங்கள் குடும்பத்தில் விடாமல் வரும் வழக்கம். ஜப்பானியரான என் மனைவிக்கோ 'மாரி' என்பது பள்ளித் தோழிகளிடம் கேட்டுப் பழகிய பெயர். ஜப்பானியர் அதன் முதல் எழுத்தைக் குறிலாக ஒலிப்பார்கள் என்பதும், அப்படி ஒலித்தால் தமிழில் அது வேண்டாத வேறொரு சொல்லாகிவிடும் என்பதும் எனக்கு இன்றும் சற்று உறுத்துகின்றன. இங்கே எங்கள் வீட்டு வழக்கப்படி நெடிலாகவே எழுதுகிறேன்.

தமிழில் பெயரின் பொருள் அதன் ஒலிக்குள்ளேயே இருக்கிறது. மாரி என்றால் மழை. ஜப்பானில் ஒலியை ஒருமுறையும் பொருளை மறுமுறையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. 'யூகி' என்ற ஒரே பெயரைப் பனிக்குரிய கான்ஜியால், அதாவது சீனத்திலிருந்து வந்த பொருளெழுத்தால், எழுதினால் பனி என்றும், நற்பேற்றுக்குரிய கான்ஜியால் எழுதினால் நற்பேறு என்றும் பொருளாகிவிடும். பெயரில் எந்த எழுத்தை வேண்டுமானாலும் பயன்படுத்திவிடவும் முடியாது. அன்றாடப் பயன்பாட்டுக்குரிய 2,136 எழுத்துகளும், பெயர்களுக்கென்று கூடுதலாக ஏற்கப்பட்ட 863 எழுத்துகளும், ஹிரகானா, கதகானா என்னும் இரண்டு ஒலியெழுத்து வரிசைகளும் மட்டுமே குடும்பப் பதிவேட்டில் அனுமதிக்கப்படுகின்றன. மழைக்கு உரிய கான்ஜி இந்தப் பட்டியலில் இருந்தாலும், அதை 'மாரி' என்று வாசிக்க ஜப்பானிய மொழியில் வழியில்லை. என் தாயாரின் பெயரிலிருந்து ஒலியை எடுத்துக்கொள்ளலாம், மழையை விட்டுவிட வேண்டும் என்பது முதல் நாளிலேயே தெளிவாகிவிட்டது. எஞ்சிய வழிகளுள் நாங்கள் உண்மையிலேயே எடைபோட்டுப் பார்த்தவை நான்கு.

முதலாவது, 'மெய்ம்மை' என்று பொருள்படும் இணை. 'உண்மையான' என்பதற்குரிய எழுத்தையும், 'நெறி, காரணம்' என்பதற்குரிய எழுத்தையும் சேர்த்தால் மாரி என்று வாசிக்கலாம். இந்த இரண்டாவது எழுத்தின் இடப்பக்கத்தில் இருப்பது பச்சை மணிக்கல்லைக் குறிக்கும் உறுப்பு. கல்லின் உள்ளோட்டத்தைப் பார்த்து மெருகேற்றுவது என்ற பொருளிலிருந்துதான் 'நெறி' என்ற பொருள் வளர்ந்திருக்கிறது. இதே இணையை 'ஷின்ரி' என்று வாசித்தால் மெய்ம்மை என்னும் பொதுச்சொல் கிடைக்கும். டோக்கியோவிலுள்ள தேசிய நாடாளுமன்ற நூலகத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் 'மெய்ம்மை நம்மை விடுவிக்கும்' என்ற வாசகத்தில் இருப்பதும் இந்தச் சொல்தான். மாரி என்ற பெயருக்கு இது நன்கு அறிமுகமான எழுத்துவழி. பார்த்தவுடன் பெரும்பாலோர் சரியாக வாசித்துவிடுவார்கள்.

இரண்டாவது, 'பத்தாயிரம் ரி' என்ற இணை. ரி என்பது பழைய தூர அளவு; ஜப்பானியக் கணக்கில் ஒரு ரி ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர் என்பதால், பத்தாயிரம் ரி கிட்டத்தட்டப் பூமியை ஒருமுறை சுற்றி வரும் தூரம். ருஷ்ய மொழிபெயர்ப்பாளராகப் புகழ்பெற்ற யோனெஹாரா மாரியின் பெயர் இப்படித்தான் எழுதப்படுகிறது. மொழிகளுக்கு இடையே வாழ்நாள் முழுதும் பயணம் செய்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து வாய்த்திருக்க முடியாது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய தகப்பனாக, என் மனம் முதலில் சென்றதும் இதை நோக்கித்தான். ஆனால் பலரும் இந்த இணையை முதலில் 'பன்ரி' என்று வாசிப்பார்கள். பன்ரி ஆண்களுக்கும் இடப்படும் பெயர். இப்படி எழுதும் மாரி எவரையும் நான் நேரில் அறிந்ததில்லை என்பதால், அன்றாட வாழ்வில் அது எப்படி இருக்கும் என்பதை மனைவியின் சொல்லை வைத்தே கணித்தேன்.

மூன்றாவது, கான்ஜியே இல்லாமல் ஹிரகானாவில் எழுதுவது. வாசிப்பில் பிழைக்கு இடமே இல்லை. பார்வைக்கு மென்மையாகவும் இருக்கும். பொருளைக் கேட்பவரின் காதுக்கே விட்டுவிடும் இந்த வழியை விரும்பித் தேர்ந்தெடுப்போரும் உண்டு.

நாங்கள் தேர்ந்தெடுத்தது நான்காவதை: மல்லிகை.

இந்த இணையின் இரண்டு எழுத்துகளையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் சொல்லத்தக்க பொருள் எதுவும் கிடைக்காது. முதல் எழுத்து, 'முடிவு' என்பதற்குரிய எழுத்தின் மேல் 'குசாகன்முரி' என்னும் புல்முடியைச் சூட்டியது. இரண்டாவது, 'பயன்' என்பதற்குரிய எழுத்தின் மேல் அதே புல்முடியைச் சூட்டியது. கீழே இருப்பவை ஒலியைத் தருகின்றன, மேலே இருக்கும் புல் இது செடிவகை என்று சொல்கிறது. வேற்றுநாட்டிலிருந்து வந்த ஒரு பூவின் பெயரைச் சீன மொழியில் ஒலிபெயர்க்கப் பயன்பட்டவை இவை. அந்தப் பெயர் 'மல்லிகா' என்ற சமஸ்கிருதச் சொல். நம் மல்லிகைக்கு உறவான சொல்லொன்று சீனத்தின் வழியாக ஜப்பானுக்கு வந்து, இங்கே மாரி என்று வாசிக்கப்படும் பெயராகியிருக்கிறது என்பதை அகராதியில் கண்ட இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. காணொளி அழைப்பில் இதைத் தாயாரிடம் சொன்னபோது, "மழை இல்லாட்டி என்ன, மல்லியும் மாரியாத்தாளுக்குச் சாத்துற பூதானே" என்றார்.

பெயருக்கு எழுத்துகளைச் சேர்க்கும்போது எதிர்மாறான விபத்தும் நேரலாம். கடலுக்குரிய எழுத்தும் நிலவுக்குரிய எழுத்தும் தனித்தனியே அழகானவை. சேர்த்து எழுதினாலோ அகராதியில் 'ஜெல்லிமீன்' என்ற சொல்லாகிவிடும். மல்லிகை இணையில் அந்த அச்சம் இல்லை, ஏனெனில் சேர்ந்த பிறகுதான் அதற்குப் பொருளே பிறக்கிறது.

இந்த எழுத்துவழிக்கு நல்ல முன்னோடியும் உண்டு. 1884 முதல் 1888 வரை ஜெர்மனியில் மருத்துவம் பயின்ற இராணுவ மருத்துவரும் எழுத்தாளருமான மோரி ஓகாய், தம் பிள்ளைகளுக்கு ஐரோப்பியக் காதுக்கும் பழக்கமான பெயர்களையே இட்டார். 1890இல் பிறந்த மூத்த மகனுக்கு ஓட்டோ என்று பெயர். அதை எழுத அவர் எடுத்த இணை, பழஞ்சீன வட்டார வழக்கொன்றில் புலியைக் குறிக்கும் சொல். 1890 புலி ஆண்டு. 1903இல் பிறந்த மகள் மாரிக்கு அவர் எடுத்தது மல்லிகை இணை. இரண்டு மொழிகளில் ஒலிக்க வேண்டிய பெயருக்கு எழுத்துத் தேடும் எவரும் ஓகாய் செய்ததைக் கூர்ந்து பார்க்கலாம்: அயல் ஒலிக்கு ஏதோ சில எழுத்துகளை ஒட்டவைக்காமல், அந்த ஒலிக்குள் ஏற்கெனவே இருந்த கிழக்காசியச் சொல்லைத் தேடி எடுத்திருக்கிறார்.

ஆயினும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது இந்த வரலாறன்று. பெயர் சொன்னவுடன் "எந்த எழுத்து?" என்று கேட்கும் ஜப்பானிய வழக்கம்தான் தீர்மானித்தது. மருத்துவமனை வரவேற்பறையிலும், தொலைபேசியில் முன்பதிவு செய்யும்போதும், புதிய வகுப்பிலும், புதிய அலுவலகத்திலும் இந்தக் கேள்வி வரும். எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல்லைச் சொல்லி, அதில் வரும் எழுத்து என்று பதில் தர வேண்டும். ஆக, எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், பிள்ளை தன்னைப் பற்றி வாழ்நாளெல்லாம் ஆயிரக்கணக்கான முறை சொல்லப்போகும் ஒரு வாக்கியத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். இதை முதலில் எனக்கு உணர்த்தியவர் என் மாமியார். நான்கு எழுத்துவழிகளையும் தாளில் எழுதி நான் நீட்டியபோது, அவர் தாளைப் பார்க்காமல், "ஒவ்வொன்றையும் தொலைபேசியில் சொல்வதுபோல் சொல்லிக் காட்டுங்கள்" என்றார்.

சொல்லிப் பார்த்தோம். பத்தாயிரம் ரிக்கு, "சீனப் பெருஞ்சுவரின் பெயரில் வரும் பன்ரி" என்று சொல்ல வேண்டியிருந்தது. எட்டு நாள் குழந்தைக்கு அருகில் அமர்ந்து அதைச் சொன்னபோது அது அவளுடையதாகவே தோன்றவில்லை. ஹிரகானாவுக்கு, "ஹிரகானாதான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பணியிடத்தில் அது பெரும் வசதியாக இருக்கலாம், ஆனால் ஒரு பெயருக்கு அது போதாது என்றே எனக்குப் பட்டது. மெய்ம்மைக்கு, "ஷின்ரி" என்ற ஒரே சொல் போதும்; எளிமையில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் 1995இல் டோக்கியோ சுரங்க இரயில்களில் நச்சு வாயுவைப் பரப்பிய மதக்குழுவின் பெயரிலும் அந்தச் சொல் இருந்தது. அதன் பிறகு, என் மனைவியின் வகுப்பிலிருந்த ஒரு மாரி, 'ஷின்ரி' என்று சொல்வதை விட்டுவிட்டு, "உண்மையைக் குறிக்கும் ஷின்ஜிட்சுவில் வரும் ஷின், அறிவியல் பாடமான ரிகாவில் வரும் ரி" என்று பிரித்துச் சொல்லப் பழகினாராம். கால் நூற்றாண்டு கடந்துவிட்டது, இன்றைய பிள்ளைகள் அதை எண்ணமாட்டார்கள் என்பது உண்மையே. என் மனைவியால் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மல்லிகைக்கு, "ஜாஸ்மின் என்று பொருள்படும் மாரி" என்று சொன்னோம். மாமியார் முகம் மலர்ந்தது. கேட்பவருக்கு எழுத்து நினைவுக்கு வராவிட்டால், "புல்முடிக்குக் கீழே வார இறுதியைக் குறிக்கும் 'ஷூமாட்சு'வில் வரும் மாட்சு, புல்முடிக்குக் கீழே வசதியைக் குறிக்கும் 'பென்ரி'யில் வரும் ரி" என்று தொடர வேண்டும். நீளமானதுதான்; ஆனால் தெளிவானது, ஒரே தாளத்தில் இருமுறை வருவதால் குழந்தைக்கும் மனப்பாடமாகக் கூடியது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்த இணையை 'மாட்சுரி' என்றும் வாசிக்கலாம். மல்லிகைக்கு அகராதி தரும் வழக்கமான பெயரே 'மாட்சுரிகா'தான். அதனால் என் மகளை மருத்துவமனையில் இருமுறை மாட்சுரி என்று அழைத்துவிட்டார்கள். முன்பெல்லாம் குடும்பப் பதிவேட்டில் எழுத்து மட்டுமே இருக்கும், வாசிப்பு இராது. 2025 மே 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி வாசிப்பும் பதிவாகிறது. எங்களுக்கு வந்த அறிவிப்பில் 'மாரி' என்று சரியாகவே இருந்தது. ஆவணச் சிக்கல் அதோடு தீர்ந்தது, முன்பின் தெரியாதவர் தவறாக வாசிப்பது தீரவில்லை. முதல் எழுத்தின் அடியில் 'முடிவு' இருக்கிறதே என்று உறவினர் ஒருவர் தயங்கினார். புல்முடி சேர்ந்தபின் அது வேறு எழுத்து என்பதே எங்கள் பதில். கோடுகளின் எண்ணிக்கையை வைத்துப் பலன் சொல்லும் பெயர்ச் சோதிடத்தையும் பார்த்தோம். புல்முடியை மூன்று கோடுகளாக எண்ணும் முறையும் ஆறாக எண்ணும் முறையும் உண்டு என்று தெரிந்ததும் அதை ஒதுக்கிவைத்தோம்.

ஹிரகானாவை வேண்டாம் என்று விலக்கியதில் மட்டும் எனக்குச் சிறிது வருத்தம் இருந்தது. அதுவும் பின்னர் நீங்கியது. ஹிரகானா எழுத்துகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கான்ஜியை வேகமாகத் தொடர்த்து எழுதிய வடிவத்திலிருந்து பிறந்தவை. 'ம' பிறந்தது முடிவுக்குரிய எழுத்திலிருந்து, 'ரி' பிறந்தது பயனுக்குரிய எழுத்திலிருந்து. மல்லிகை இணையிலிருந்து இரண்டு புல்முடிகளையும் எடுத்துவிட்டு வேகமாக எழுதினால் கிடைப்பது ஹிரகானாவில் மாரி. மழலையர் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் போல என் மகளும் பெயரை ஹிரகானாவிலேயே எழுதுகிறாள். அவளுடைய கான்ஜிகள் இரண்டும் தொடக்கப் பள்ளிப் பாடத்தில் வராதவை என்பதால், அவற்றை வீட்டில்தான் கற்பிக்க வேண்டும். சென்ற வாரம் முதல் பாடம் தொடங்கினோம்: ஹிரகானாவில் தன் பெயரை எழுதி, அதன் மேல் பச்சை மெழுகுக்கோலால் இரண்டு புல்முடிகளை வரைந்தாள்.