கொங்கன் ரயில்வே: ஒரு வருஷம் போய்வந்த பிறகு

வேலை நிமித்தமாகப் பன்வேலுக்கும் ரத்னகிரிக்கும் நடுவே, மகாராஷ்டிரத்திலிருந்து கோவா வழியாக மங்களூர்ப் பக்கம் வரை மேற்குக் கரையோரமாகப் போகும் கொங்கன் ரயில்வேயில், ஒரு வருஷமாகப் போய்வருகிறேன். வெயில், மழை இரண்டிலும் பார்த்தாயிற்று. மும்பையிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் போகும் நம்மவர்களில் பலருக்கும் இதுதான் வழி என்பதால் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாதுகாப்பை நம்பி ஏறலாம், வேகத்தை நம்பி ஏற வேண்டாம்.

மழைக்காலத்துக்கு இங்கே தனி டைம்டேபிளே உண்டு. ஜூன் 10 முதல் அக்டோபர் 31 வரை என்று வெகுகாலம் இருந்ததை 2025-இல் ஜூன் 15 முதல் அக்டோபர் 20 வரை என்று சுருக்கினார்கள். அந்த மாதங்களில் வண்டி மெதுவாகத்தான் போகும், கொட்டித் தீர்க்கும் மழையில் 40 கிமீ வேகத்துக்கு இறக்கிவிடுவார்கள். சக பயணிகள் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு வைபவ்வாடிதான் நினைவுக்கு வரும். 2003 ஜூன் 22 இரவு மலைச்சரிவிலிருந்து பாறைகள் தடத்தில் விழுந்துகிடக்க, வண்டி மோதித் தடம்புரண்டு 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மறு வருஷமே மஹாட் அருகில் மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸும் பாறையால் கவிழ்ந்தது. இன்றைக்கு மழைக்காலத்தில் 600 பேருக்கு மேல் தடத்தில் ரோந்து போகிறார்கள், காளி, சாவித்ரி, வசிஷ்டி ஆற்றுப் பாலங்களில் வெள்ள எச்சரிக்கைக் கருவி இருக்கிறது, ரத்னகிரி அருகே 64 மீட்டர் உயரப் பான்வல் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கிறார்கள். அப்படியும் 2024 ஜூலையில் திவான்கவட்டி பக்கம் மண் சரிந்து ஒரு நாள் அளவுக்குப் போக்குவரத்தே நின்றது. மலை அப்படி! கையில் ரெயின்கோட்டும் டார்ச்சுமாக நடக்கும் அந்த ஆட்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

சரி, மழை இல்லாத மாதங்களில் ஏன் தாமதம்? ஒற்றைப் பாதை. சுமார் 740 கிமீ தடத்தில் ரோஹா – வீர் இடையே 47 கிமீ மட்டும்தான் 2021-இல் இரட்டைப் பாதையானது, மிச்சமெல்லாம் எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டுக் காத்திருப்புதான். காரணம் பணம். ரயில்வே அமைச்சகத்துக்கு 51 சதவீதம், மகாராஷ்டிரத்துக்கு 22, கர்நாடகத்துக்கு 15, கோவா, கேரளத்துக்குத் தலா 6 என்று பங்கு பிரித்து, கடன் பத்திரம் விற்றுக் கட்டிய தனிக் கழகம் இது. மற்ற ரயில்வே மண்டலங்களைப் போல பட்ஜெட்டை நம்பிப் பெரிய வேலைகளைத் தொடங்க முடியாது. காஷ்மீர்ப் பாதையில் உள்ள செனாப் பாலத்தைக் கட்டும் பொறுப்பை ஏற்று முடித்தவர்களே சொந்தத் தடத்தில் இரண்டாவது பாதை போட வழியில்லாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். அப்புறம் டிக்கெட். தூரத்தை 40 சதவீதம் கூட்டிக் கணக்கிடுவதால் நாம்தான் அதிகம் கொடுக்கிறோம்.

2025-இல் மகாராஷ்டிரமும் சம்மதித்ததோடு நான்கு மாநிலங்களும் இந்தக் கழகத்தை இந்திய ரயில்வேயுடன் இணைக்கத் தலையாட்டிவிட்டன. இணைப்பது சரி என்றுதான் நினைக்கிறேன். கூடுதல் கட்டணம் ஒழியட்டும், இரட்டைப் பாதை வரட்டும், ஆனால் ரோந்துக்கும் சரிவுகளைப் பலப்படுத்துவதற்கும் ஆகும் செலவில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் அடுத்த வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தால் அரை நாளாவது இடைவெளி விட்டு புக் பண்ணுங்கள்.