"லேசர் போயிடுச்சு" என்று சொன்னால் பணத்தை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

லேப்டாப்பில் டிவிடி டிரைவ் படிக்கவில்லை என்று சர்வீஸ் கடைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "லேசர் போயிடுச்சு சார், புது டிரைவ்தான் போடணும்" என்று மெஷினைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒருவர் சொன்னால், உடனே தலையாட்டிவிடாதீர்கள். என்னிடம் அப்படிச் சொல்லி, புது டிரைவுக்கான முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, என் பழைய டிரைவையே திருப்பிக் கொடுத்தார்கள்.

சிடி எழுதும் பழைய மென்பொருள் ஒன்றை லேப்டாப்பிலிருந்து நீக்கியதில்தான் எல்லாம் தொடங்கியது. ரீஸ்டார்ட் ஆனதும் பார்த்தால் டிவிடி டிரைவின் ஐகானையே காணோம். முந்தைய நாள்வரை குடும்ப வீடியோ டிஸ்க்குகளைத் தடங்கலில்லாமல் படித்த டிரைவ் அது. பட்டனை அழுத்தினால் தட்டு வெளியே வருகிறது, டிஸ்க்கை வைத்து மூடினால் சுற்றுகிற சத்தம் கேட்கிறது. விண்டோஸுக்கு மட்டும் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. கம்ப்யூட்டரில் உள்ள பாகங்களை விண்டோஸ் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் டிரைவின் மாடல் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். அதைத் திறந்தால் 'கோட் 19' என்ற பிழை எண். அந்தத் திரையை போனில் படம் பிடித்து வைத்தேன். விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடும் பயாஸ் திரையில் டிரைவின் பெயர் ஒழுங்காகத் தெரிந்தது. இதையெல்லாம் கடையில் சொன்னேன். கேட்டுக்கொண்டே ரசீது எழுதியவர், "பயாஸ்ல தெரியும் சார், ஆனா லேசர் வீக்" என்றார்.

லேப்டாப் திரும்பி வந்தது, டிஸ்க்கும் படித்தது. பில்லில் 'புதிய டிவிடி ரைட்டர்' என்று எழுதியிருந்தது. பழைய டிரைவைக் கேட்டேன். "அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்." சரி, போகட்டும்.

வீட்டுக்கு வந்து ஐடியூன்ஸைத் திறந்தபோதுதான் சந்தேகம் வந்தது. சிடி, டிவிடி எழுதுவதற்கான ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்) அமைப்புகள் காணவில்லை, ஐடியூன்ஸை மறுபடி நிறுவுங்கள் என்று ஓர் எச்சரிக்கை. வெறும் டிரைவை மட்டும் மாற்றியிருந்தால் இந்தச் செய்தி வருவதற்கு வேலையே இல்லை. யாரோ ரெஜிஸ்ட்ரியில் கை வைத்திருக்கிறார்கள். டிவைஸ் மேனேஜரைப் பார்த்தால், போனில் இருந்த படத்தில் உள்ள அதே மாடல் பெயர். தட்டைத் திறந்தேன். என் மகள் சின்ன வயதில் மார்க்கரால் இழுத்த ஊதாக் கோடு, சுழலும் குமிழுக்குப் பக்கத்தில், பாதி அழிந்த நிலையில் அப்படியே இருந்தது.

அவர்கள் செய்தது என்ன என்று இப்போது எனக்குத் தெரியும், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். சிடி எழுதும் மென்பொருள்கள், ஐடியூன்ஸ் போன்றவை டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் 'ஃபில்டர் டிரைவர்' எனப்படும் தங்கள் சின்ன இடை மென்பொருள்களை நுழைத்துவைக்கும். அவற்றின் பெயர்கள் ரெஜிஸ்ட்ரியில் 'அப்பர்ஃபில்டர்ஸ்', 'லோயர்ஃபில்டர்ஸ்' என்ற இரண்டு பதிவுகளில் இருக்கும். மென்பொருளை நீக்கும்போது ஃபைல் போய்விடும், சில நேரம் பெயர் மட்டும் தங்கிவிடும். விண்டோஸ் அந்தப் பெயரைத் தேடும், கிடைக்காது, உடனே டிரைவையே ஒதுக்கி வைத்துவிடும். கோட் 19, 31, 32, 39, 41 இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். அந்த இரண்டு பதிவுகளையும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் டிரைவ் திரும்பி வந்துவிடும். மைக்ரோசாஃப்ட்டே சொல்லும் தீர்வுதான் இது. சில நிமிட வேலை. இதற்கு ஸ்குரூ டிரைவரே தேவையில்லை.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள். ரெஜிஸ்ட்ரியில் ஃபோல்டர் மாதிரி இருக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் சாவி (கீ) என்று பெயர். சிடி டிரைவுக்கான சாவி 4டி36இ965 (4D36E965) என்று தொடங்கும். அதற்குக் கொஞ்சம் கீழேயே 4டி36இ967 (4D36E967) இருக்கிறது, அது ஹார்ட் டிஸ்க்குக்கு உரியது. அங்கேயும் அப்பர்ஃபில்டர்ஸ் உண்டு. அதை அழித்தால் விண்டோஸ் எழுந்திருக்காமலே போகலாம். தொடுவதற்கு முன் அந்தச் சாவியை எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்; பயமாக இருந்தால் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் கடைக்குப் போய்க் கேட்டபோது வந்த பதிலைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் அதே பதில் வரலாம். "முன்னாடி இருக்கிற பிளாஸ்டிக் மூடி உங்க பழசு சார், அதைக் கழட்டிப் புதுசுல மாட்டினோம். அதனாலதான் பழசு மாதிரி தெரியுது." இது முழுப் பொய்யும் இல்லை. அந்த முகப்பு ஒவ்வொரு லேப்டாப் மாடலுக்கும் வேறு வேறு வடிவம், டிரைவை உண்மையாகவே மாற்றினாலும் பழைய முகப்பைத்தான் எடுத்து மாட்டுவார்கள். ஆகவே முகப்பில் இருக்கும் கீறலை வைத்துச் சண்டை போட்டால் ஜெயிக்க முடியாது. நான் தட்டைத் திறந்து ஊதாக் கோட்டைக் காட்டினேன். பிறகு டிரைவை வெளியே இழுத்து மேல் லேபிளைக் காட்டச் சொன்னேன். பல மாடல்களில் அடியில் இருக்கும் ஒரே ஸ்குரூதான் டிரைவைப் பிடித்திருக்கும், கழற்றினால் அப்படியே உருவி வந்துவிடும். லேபிளில் இருந்த தயாரிப்பு மாதம், நான் லேப்டாப் வாங்கியதற்குக் கொஞ்சம் முன்னால். "பழைய ஸ்டாக்கா இருக்கும்" என்று ஒரு முயற்சி செய்தார். ஊதாக் கோடும் ஸ்டாக்கிலேயே வந்ததா என்று கேட்டேன். அதற்குமேல் பேச்சில்லை. பில்லை 'சாஃப்ட்வேர் சர்வீஸ்' என்று மாற்றி எழுதி, பெரும்பகுதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

எனக்கு எரிச்சல் பணத்தால் மட்டும் வந்ததில்லை. அந்தப் பொய் தொழில்நுட்பப்படியே நிற்காது. லேசர் செத்துப்போன டிரைவும் விண்டோஸில் பெயரோடு தெரியும். டிஸ்க்கை வைத்தால் கொஞ்ச நேரம் முனகிவிட்டு 'டிஸ்க்கைச் செருகவும்' என்று கேட்கும். ஐகானே மறைந்து, டிவைஸ் மேனேஜரில் கோட் வந்தால், பயாஸிலும் டிரைவ் தெரிந்தால், பிரச்சினை விண்டோஸ் பக்கம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இன்னொன்று: டிவிடி டிரைவில் சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் என இரண்டு உண்டு. வயதாகித் தேயும்போது பொதுவாக ஒன்று முந்திக்கொள்ளும். சிடி படிக்கும், டிவிடி படிக்காது, அல்லது நேர்மாறாக. லேசர் சந்தேகம் என்றால் இரண்டு வகை டிஸ்க்கையும், அதிலும் கடையில் வாங்கிய அச்சு டிஸ்க் ஒன்றையும் வைத்துப் பாருங்கள். வீட்டில் எழுதிய டிஸ்க்கின் சாயப் பூச்சு காலப்போக்கில் கெடும், பாவம் டிரைவ் என்ன செய்யும்?

பூட் ஆகக்கூடிய டிஸ்க் ஒன்று கையில் இருந்தால் அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கிப் பாருங்கள். ஓடினால் லேசர், மோட்டார், கனெக்டர் எல்லாம் நலம், கோளாறு விண்டோஸில்தான்.

லென்ஸ் அழுக்கு என்றால் அதற்கும் கடை வேண்டாம். லேப்டாப் டிரைவில் தட்டோடு சேர்ந்தே லென்ஸ் வெளியே வரும், சின்னக் கண்ணாடி மணி மாதிரி தெரியும். மெஷினை அணைத்துவிட்டு, முகப்பில் இருக்கும் ஊசித் துளையில் நிமிர்த்திய கிளிப்பைச் செலுத்தித் தட்டை வெளியே எடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த காட்டன் பட்டால் தொட்டும் தொடாமலும் துடையுங்கள். லென்ஸ் முடி போன்ற கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் சாய்ந்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம். அதில் அசிட்டோன் இருந்தால் பிளாஸ்டிக் லென்ஸ் மங்கிப்போகும்.

படம் மட்டும் ஓடவில்லை, ஆனால் டிஸ்க்கின் ஃபோல்டர்கள் தெரிகின்றன என்றால் டிரைவில் குறையே இல்லை. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து டிவிடி படம் ஓட்டும் வசதி பொதுவாகக் கூடவே வருவதில்லை. விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரைப் போட்டால் முடிந்தது. இதற்கும் "டிரைவ் வீக்" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள்.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், டிரைவை உருவி அதன் லேபிளை, சீரியல் எண் தெரியும்படி, படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். மாற்றினால் பழையது கைக்கு வர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். புதியதன் சீரியல் எண் பில்லில் இருக்கட்டும். எனக்கு நடந்ததற்கு நேர்மாறாக, நல்ல டிரைவைக் கழற்றிக்கொண்டு தேய்ந்ததை மாட்டுவதையும் இது தடுக்கும். ஃபார்மேட் செய்யலாமா என்று கேட்டால் காரணம் கேளுங்கள். ஃபில்டர் கோளாறு ஃபார்மேட்டிலும் சரியாகும், ஆனால் உங்கள் படங்களும் கூடவே போகும்.

டிரைவ் உண்மையிலேயே போயிருந்தால் அதே உயரத்தில் வாங்குங்கள். 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு பரவலாக உண்டு, ஒன்றின் இடத்தில் மற்றொன்று சரியாக உட்காராது. எப்போதாவதுதான் டிஸ்க் பார்ப்பீர்கள் என்றால் யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் போதும்.